தரிசு என்று யார் சொன்னது?

ராஜஸ்தான் பாலைவனத்தின் கோயில் காடுகளைக் காக்கச் சட்டங்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் நிலப் பதிவேட்டில் இருக்கும் ஒரே ஒரு சொல் அத்தனை சட்டங்களையும் தோற்கடித்துவிடுகிறது.

ஜெய்சல்மேர் மாவட்டத்தின் தேக்ராய் ஓரணுக்குள் கோடரி நுழைவதில்லை. தடுப்பது வேலியோ வனக் காவலரோ அல்ல. அது தேக்ராய் மாதாவுக்கு விடப்பட்ட நிலம். அங்கே நிற்கும் வன்னி மரத்தில் ஒரு பச்சைக் கிளையை ஒடித்தாலும் அம்மன் சும்மா விடமாட்டாள் என்பது சுற்றுவட்டாரக் கிராமங்களின் நம்பிக்கை. ஆண்டுக்கு 200 மில்லிமீட்டர் மழைகூட நிச்சயமில்லாத தார் பாலைவனம் இது. இந்த நம்பிக்கையின் நிழலில்தான் தலைமுறை தலைமுறையாக ஒட்டகங்களும் மாடுகளும் ஆடுகளும் மேய்ந்து பிழைத்து வந்திருக்கின்றன.

இப்போது அந்த நிலத்தின் தலைக்கு மேல் உயர் அழுத்த மின் கம்பிகள் ஓடுகின்றன. 2020 செப்டம்பரில் ஓரணுக்குள் ஒரு கானமயில் செத்துக் கிடந்தது. உலகத்திலேயே 150க்கும் குறைவாக எஞ்சியிருக்கும் பறவை இனம் அது. கம்பியில் மோதி விழுந்திருந்தது.

கிளையை ஒடிக்கவே பயப்படும் ஊரில் மின் கோபுரம் எப்படி வந்தது? யாரும் இருட்டில் வந்து நட்டுவிட்டுப் போகவில்லை. அம்மனின் நிலம் முழுவதும் அரசாங்கப் பதிவேட்டில் அம்மனின் நிலமாக ஏறவில்லை என்பதுதான் காரணம். கிராமத்தார் கணக்கில் தேக்ராய் ஓரண் சுமார் 60,000 பிகா. அதாவது ஏறக்குறைய 10,000 ஹெக்டேர். ஓரண் என்று ஆவணத்தில் ஏறியது இதில் பாதிக்கும் குறைவு. மிச்சமெல்லாம் வருவாய்த் துறையின் கண்ணில் அரசாங்கத் தரிசு. தரிசை அரசாங்கம் யாருக்கு வேண்டுமானாலும் ஒதுக்கலாம்.

தேசியப் பூங்கா, சரணாலயம், சூழல் உணர்திறன் மண்டலம், பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்று, காக்க வேண்டிய பொது நிலங்களுக்குச் சூட்ட இந்தியச் சட்டங்களில் பட்டங்கள் நிறையவே உண்டு. ஆனால் பட்டம் சூட்டுவதற்கு முன்பே நிலத்தின் தலையெழுத்து தீர்மானமாகிவிடுகிறது. எழுதுபவர் மந்திரி அல்ல, நீதிபதியும் அல்ல. நிலக் கணக்கு எழுதும் பட்வாரி. நம்மூரில் சொன்னால் பழைய கணக்குப்பிள்ளை, இன்றைய வி.ஏ.ஓ.

சாமியின் சட்டம்

ஓரண் என்ற சொல் 'அரண்யம்' என்பதிலிருந்து வந்தது என்பார்கள். ராஜஸ்தானில் இப்படிச் சுமார் 25,000 ஓரண்கள், ஏறக்குறைய 6 லட்சம் ஹெக்டேர் பரப்பில் இருப்பதாகப் பொதுவாகச் சொல்லப்படுகிறது. சில ஓரண்கள் ஒரு குளத்தையும் பத்துப் பதினைந்து மரங்களையும் கொண்ட சின்னத் துண்டுகள். சில, அடிவானம் வரை நீளும் புல்வெளிகள். பாபுஜி, தேவ்நாராயண், கர்ணி மாதா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தெய்வம். பிகானேருக்கு அருகே தேஷ்நோக்கில் எலிகளுக்குப் பேர்போன கர்ணி மாதா கோயிலைச் சுற்றியிருக்கும் இலந்தைக் காடும் ஓரண்தான்.

சாமியின் பெயரால் நடந்தாலும் இதன் உள்ளே இருப்பது கறாரான நிர்வாகம். பச்சை மரத்தை வெட்டக் கூடாது. உழக் கூடாது. விழுந்த விறகைக் கோயில் காரியத்துக்கு எடுக்கலாம், விற்கக் கூடாது. மாடு மேயலாம், ஒட்டகம் மேயலாம். நடுவில் இருக்கும் குளத்துக்கு மழைநீர் ஓடிவரும் மேட்டு நிலத்துக்கு 'ஆகோர்' என்று பெயர். அங்கே அசுத்தம் செய்வது பாவம். மழை பெய்தால் ஒரே ஒரு முறை நிரம்பும் குளம்தான் மாதக்கணக்கில் மனிதனுக்கும் மிருகத்துக்கும் குடிநீர். அதைப் பாவம் என்று சொல்லி வைத்தவர்களுக்கு நீரியல் நன்றாகவே தெரிந்திருக்கிறது.

மரங்களைப் பார்த்தால் தமிழர்களுக்கு அந்நியமாகத் தோன்றாது. அங்கே 'கேஜ்ரி' என்பது நம் கோயில்களில் தல விருட்சமாக நிற்கும் வன்னி. 'ஜால்' என்பது உகாய். 'பேர்' என்பது இலந்தை. இவற்றுக்கு நடுவே 'சேவண்' புல். தாராளமாக மழை பெய்த ஆண்டில் ஆள் இடுப்புயரம் வளர்ந்து, மழை பொய்த்தாலும் வேரோடு காத்திருக்கும் புல் இது. வெளியூர்க்காரர் கண்ணுக்கு வெறும் மணல். மேய்ப்பவருக்கு அதுதான் வங்கிக் கணக்கு.

வன்னிக்காக உயிரையே கொடுத்த மண் இது. 1730இல் ஜோத்பூர் அரண்மனை வேலைக்காக மரம் வெட்ட வந்தவர்களை எதிர்த்துக் கேஜட்லி கிராமத்தில் அம்ரிதா தேவி என்ற பிஷ்னோய்ப் பெண் மரத்தைக் கட்டிக்கொண்டு வெட்டுப்பட்டு இறந்தார். அவரைத் தொடர்ந்து மொத்தம் 363 பேர் இறந்ததாகப் பிஷ்னோய் சமூகம் இன்றும் நினைவு கூர்கிறது. 1983இல் ராஜஸ்தான் அரசு கேஜ்ரியை மாநில மரமாக அறிவித்தது. அதே மரம் சூரிய மின் நிலையங்களுக்காக வெட்டப்படுவதாக பிகானேர், பலோதி பகுதிகளில் அண்மை ஆண்டுகளில் பிஷ்னோய்கள் போராட வேண்டியிருந்தது.

ஏட்டில் ஒரு சொல்

தரிசு என்ற சொல்லுக்கு ஒரு வரலாறு உண்டு. நிலத்தை வெள்ளைக்காரர்கள் அளந்தது வரி வசூலிப்பதற்காக. வரி தரும் நிலம் உருப்படியான நிலம். வரி தராதது வீண் நிலம். மேய்ச்சல் வெளி, சதுப்பு நிலம், மணல் மேடு, முட்காடு எல்லாமே இரண்டாவது பட்டியலில் விழுந்தன. அங்கே எத்தனை மாடு மேய்கிறது, எத்தனை பறவை முட்டையிடுகிறது என்பதற்கு அந்தப் பதிவேட்டில் கட்டம் கிடையாது.

தமிழர்களுக்கு இதைப் புரிய வைக்க ஒரே ஒரு சொல் போதும்: புறம்போக்கு. வரிக் கணக்குக்குப் புறம்பே நிற்கும் நிலம் என்பதுதான் அதன் பொருள். குளம், ஏரிக்கரை, மேய்க்கால், மயானம் என ஊருக்குப் பொதுவான எல்லாமே அதில் அடக்கம். ஊருக்கே சொந்தமானது என்ற அர்த்தம் போய், யாருக்கும் சொந்தமில்லாதது என்றாகி, கடைசியில் ஆளைத் திட்டும் வசைச் சொல்லாகவே மாறிவிட்டது. சொல்லுக்கு நேர்ந்த கதிதான் நிலத்துக்கும்.

சுதந்திரம் வந்த பிறகும் பதிவேட்டின் பார்வை மாறவில்லை. 1985இல் ராஜீவ் காந்தி அரசு தேசியத் தரிசு நில மேம்பாட்டு வாரியம் அமைத்தது. பிறகு செயற்கைக்கோள் படங்களை வைத்து நாட்டின் தரிசு நிலங்களுக்கு வரைபடத் தொகுப்பே வந்தது. 2019இல் வெளியான தொகுப்பின்படி இந்தியாவின் நிலப்பரப்பில் 16.96 சதவீதம் தரிசு. அதாவது 5.57 கோடி ஹெக்டேர். இதில் மண் அரித்துப் பாழ்பட்ட நிலமும் உண்டு. புதர்க் காடும், பாலை மணலும், மேய்ச்சல் வெளியும் அதே கூடைக்குள்தான்.

விளைவு: 'தரிசு' என்று எழுதியிருந்தால், அங்கே ஏதாவது செய்தே தீர வேண்டும் என்று அர்த்தமாகிவிடுகிறது. முதலில் மரம் நடும் திட்டம் வரும். பிறகு தொழிற்பேட்டை. இப்போது சூரிய ஒளி.

சூரியன் வந்த கதை

தார் பாலைவனத்தில் தண்ணீருக்குத்தான் பஞ்சம், வெயிலுக்கு இல்லை. 2030க்குள் புதைபடிவ எரிபொருள் அல்லாத வழிகளில் 500 கிகாவாட் மின் திறன் என்பது இந்தியாவின் இலக்கு. அதில் ராஜஸ்தானுக்குப் பெரிய பங்கு. சூரிய மின் திறனில் நாட்டிலேயே முன்னணி மாநிலம் அது. பட்லா சூரியப் பூங்கா மட்டும் 2,245 மெகாவாட். பரப்பு சுமார் 14,000 ஏக்கர்.

நிலக்கரியை எரிக்காமல் மின்சாரம் வருவதை யாரும் குறை சொல்ல முடியாது. பருவநிலை மாற்றத்தின் முதல் அடி பாலைவனத்து மேய்ப்பவர் மீதுதான் விழும். ஓரணுக்காகப் போராடுபவர்களும் சூரிய மின்சாரம் வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்கே என்பதுதான் கேள்வி. கம்பெனிக்கு வேண்டியது ஒரே இடத்தில், வில்லங்கம் இல்லாமல், குடியிருப்பு இல்லாமல், பெரிய பரப்பு. தனியாரிடம் வாங்கப் போனால் நூறு பட்டாதாரர்களோடு பேரம் பேச வேண்டும். அரசாங்கத் தரிசு என்றால் ஒரே கையெழுத்து. ஆக, மேய்ச்சல் நிலமும் ஓரணும்தான் வரைபடத்தில் முதலில் கண்ணில் படுகின்றன.

தகடுகளைப் பதித்துச் சுற்றுச்சுவர் எழுப்பிய பிறகு அந்த இடத்தில் மேய்ச்சல் முடிந்தது. ஒட்டகத்தின் நிலைமை ஏற்கனவே சரியில்லை. ராஜஸ்தானில் 2012 கால்நடைக் கணக்கெடுப்பில் 3.26 லட்சமாக இருந்த ஒட்டகங்கள் 2019இல் 2.13 லட்சமாகிவிட்டன. 2014இல் ஒட்டகத்தை மாநில விலங்காக அறிவித்த மாநிலத்தின் கணக்கு இது. ஒட்டகம் குறைய மேய்ச்சல் நிலம் சுருங்குவது மட்டுமே காரணம் அல்ல. டிராக்டரும் லாரியும் வந்ததால் அதற்கு வேலை குறைந்தது. மாநிலத்துக்கு வெளியே கொண்டுபோய் விற்க 2015 சட்டம் போட்ட தடையால் விலையும் விழுந்தது. ஆனால் மேய இடமும் இல்லையென்றால் வைத்திருக்க யாரால் முடியும்?

கானமயிலின் கதை இன்னும் மோசம். ஒரு மீட்டர் உயரம், ஆண் பறவை 15 கிலோ வரை கனம். பறக்கும் பறவைகளில் மிகக் கனமானவற்றில் ஒன்று. பெரும்பாலும் ஒரே ஒரு முட்டை, அதுவும் வெறும் தரையில். ஒரு காலத்தில் பஞ்சாப் முதல் தமிழ்நாடு வரை புல்வெளிகளில் திரிந்த பறவை. இன்று அதன் கடைசிக் கோட்டை ஜெய்சல்மேர். கண்கள் தலையின் பக்கவாட்டில் இருப்பதால் நேர் எதிரே இருப்பது சரியாகத் தெரியாது. உடல் கனத்தால் கடைசி நொடியில் திரும்பவும் முடியாது. மின் கம்பிக்கு இதைவிடச் சுலபமான இரை கிடையாது. பாலைவனத் தேசியப் பூங்காவையும் அதைச் சுற்றியும் உள்ள சுமார் 4,200 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஆண்டுக்கு 80,000க்கும் மேற்பட்ட பறவைகள் கம்பியில் மோதிச் சாவதாக இந்திய வனவிலங்கு நிறுவனம் கணக்கிட்டது.

1972 வனவிலங்குச் சட்டத்தின் உருவாக்கத்தில் பங்கெடுத்த ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி எம்.கே. ரஞ்சித்சிங் 2019இல் உச்ச நீதிமன்றம் போனார். 2021 ஏப்ரலில் நீதிமன்றம் கடுமையான உத்தரவு போட்டது: கானமயில் பகுதிகளில் கம்பிகள் சாத்தியமான இடங்களில் பூமிக்கடியில் போக வேண்டும். அந்தப் பகுதிகளின் மொத்தப் பரப்பு சுமார் 99,000 சதுர கிலோமீட்டர். முடியாத காரியம் என்றது மத்திய அரசு. 2024 மார்ச்சில் உத்தரவு தளர்த்தப்பட்டு நிபுணர் குழு அமைக்கப்பட்டது. அதன் பரிந்துரைகளை ஏற்று 2025 டிசம்பரில் வந்த தீர்ப்பு, ராஜஸ்தானில் 14,013 சதுர கிலோமீட்டரையும் குஜராத்தில் 740 சதுர கிலோமீட்டரையும் முன்னுரிமைப் பகுதியாக ஏற்று அங்கே புதிய காற்றாலைகள், பெரிய சூரியப் பூங்காக்கள் ஆகியவற்றுக்குக் கட்டுப்பாடு விதித்தது.

இதற்கிடையே கூண்டில் குஞ்சு பொரிக்கும் முயற்சி வெற்றி பெற்றிருக்கிறது. சாம், ராம்தேவ்ரா மையங்களில் வளரும் பறவைகள் அறுபதைத் தாண்டிவிட்டன. நல்ல செய்திதான். ஆனால் அவற்றை ஒரு நாள் வெளியே விட வேண்டும். எந்தப் புல்வெளியில்?

நீலகிரியில் பிறந்த வழக்கு

ஓரண்களுக்குக் கிடைத்த மிகப் பெரிய சட்ட ஆயுதம் தமிழ்நாட்டு மலையில் பிறந்தது என்பது பலருக்குத் தெரியாது. நீலகிரி மாவட்டம் கூடலூர் பகுதியில் மரங்கள் வெட்டப்படுவதை எதிர்த்து நிலம்பூரைச் சேர்ந்த டி.என். கோதவர்மன் திருமுல்பாடு 1995இல் தொடுத்த வழக்கு அது. 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் அந்த வழக்கில் சொன்னது நாட்டையே பாதித்தது: 'காடு' என்றால் அரசிதழில் அறிவிக்கப்பட்டது மட்டுமல்ல. அகராதிப் பொருளில் எது காடோ அதுவும் காடுதான். சொந்தக்காரர் யாராக இருந்தாலும் சரி. மாநிலங்கள் நிபுணர் குழு வைத்து அப்படிப்பட்ட காடுகளை அடையாளம் காண வேண்டும்.

ராஜஸ்தானில் அமைந்த குழு என்ன செய்தது? குறைந்தது 5 ஹெக்டேர், ஹெக்டேருக்கு 200 மரங்கள் என்று ஒரு அளவுகோல் வைத்தது. மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அது பொருந்தலாம். தார் பாலைவனத்தில் ஹெக்டேருக்கு 200 மரம் என்று தேடினால் ஓரணில் முக்கால்வாசி அடிபட்டுப் போகும். மரம் அடர்த்தியாக இல்லாததுதான் அந்த நிலத்தின் ஆரோக்கியம். கானமயில் திறந்த வெளியில்தான் முட்டையிடும்.

ஓரண்களுக்காக ஆல்வாரைச் சேர்ந்த சமூக ஆர்வலர் அமன் சிங் கோதவர்மன் வழக்கிலேயே மனுச் செய்தார். 2024 டிசம்பர் 18 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. ஒவ்வொரு கோயில் காட்டையும் நேரில் போய் அளந்தும் செயற்கைக்கோள் மூலமும் வரைபடமாக்க வேண்டும். அளவு முக்கியமல்ல. அதன் நோக்கமும், சமூகத்துக்கும் சூழலுக்கும் அது எவ்வளவு முக்கியம் என்பதுமே கணக்கு. அவற்றுக்கு வனவிலங்குச் சட்டத்தின் கீழ் பாதுகாப்புத் தர வேண்டும். வேலையைக் கவனிக்க, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் அமைந்தால் நல்லது என்று சொல்லி, ஒரு குழு அமைக்கச் சொன்னது. நாடு முழுவதும் உள்ள கோயில் காடுகளைக் கணக்கெடுத்து தேசியக் கொள்கை வகுக்குமாறு மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தையும் கேட்டுக்கொண்டது.

மரம் எண்ணும் அளவுகோல் ஒருவழியாகத் தோற்றது. ஆனால் பிரச்னை அதோடு முடியவில்லை.

காப்பாற்ற வருபவரிடம் பயம்

2024 பிப்ரவரியிலேயே ராஜஸ்தான் அரசு ஓரண்களைக் காடுகளாகக் கருதப் போவதாக அறிவிக்கை வெளியிட்டு ஆட்சேபங்களைக் கேட்டிருந்தது. ஓரண் பக்கத்துக் கிராமங்கள் மகிழ்ந்திருக்க வேண்டும் அல்லவா? பல கிராமங்கள் கலங்கிப்போயின. காடு என்று ஆகிவிட்டால் வன இலாகா வரும். வேலி வரும். ஆட்டை ஓட்டிக்கொண்டு போனால் அபராதம் வருமா? பிசினும் காயும் பொறுக்கலாமா? ஓரணுக்குள் இருக்கும் கோயிலுக்கும் சுடுகாட்டுக்கும் போக அனுமதிச் சீட்டு வாங்க வேண்டுமா?

இந்தப் பயம் வெறும் கற்பனை அல்ல. பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. 1980இல் 3,162 சதுர கிலோமீட்டரில் அறிவிக்கப்பட்ட பாலைவனத் தேசியப் பூங்கா, பெயரில்தான் தேசியப் பூங்கா. சட்டப்படி இன்னும் சரணாலயம்தான். உள்ளே பல டஜன் கிராமங்கள். வரைபடத்தில் கோடு போட்டபோது அங்கே வாழ்பவர்களைக் கலந்து பேசவில்லை என்ற கசப்பு இன்றுவரை தீரவில்லை. சாலைக்கும் மின்சாரத்துக்கும் குழாய்த் தண்ணீருக்கும் தடை என்பது கிராமத்தாரின் நெடுநாள் புகார். கானமயிலைக் காக்கும் பூங்காவே, அதைப் பல நூறு ஆண்டுகளாகக் கூட வைத்திருந்த மக்களுக்கு அந்தப் பறவையின் மேல் வெறுப்பு வரச் செய்தது.

ஆக, ஓரண் இரண்டு பக்கமும் இடிபடுகிறது. தரிசு என்று விட்டால் கம்பெனி எடுத்துக்கொள்ளும். காடு என்று எழுதினால் இலாகா எடுத்துக்கொள்ளும். இரண்டிலும் காணாமல் போவது ஊர். ஓரணைக் காத்தது மரமும் இல்லை, புல்லும் இல்லை. அதைப் பயன்படுத்திக்கொண்டே கட்டுப்பாடும் வைத்த ஊர்தான். ஊரை வெளியே தள்ளிவிட்டு ஓரணைக் காப்பது, பூசாரியைத் துரத்திவிட்டுக் கோயிலைக் காப்பது மாதிரி.

நடு வழி ஒன்று சட்டத்திலேயே இருக்கிறது. 2002இல் வனவிலங்குச் சட்டத்தைத் திருத்தியபோது 'சமூகக் காப்பகம்' என்ற புதிய வகை சேர்க்கப்பட்டது. ஓரணுக்குப் பொருத்தமானது இதுதான் என்று 2024 தீர்ப்பும் சுட்டிக் காட்டியது. ஊராரே முன்வந்து தங்கள் நிலத்தை ஒப்படைக்கலாம். நிர்வாகக் குழுவில் பெரும்பான்மை கிராமத்துப் பிரதிநிதிகள், வன இலாகாவுக்கு ஒரு இடம். முக்கியமான பாதுகாப்பு இது: அறிவித்த பிறகு, அந்தக் குழுவின் தீர்மானமும் மாநில அரசின் ஒப்புதலும் இல்லாமல் நிலத்தின் பயன்பாட்டை மாற்ற முடியாது. 2006 வன உரிமைச் சட்டத்தின் கீழ், சமூகக் காடுகளை நிர்வகிக்கும் உரிமையையும் கிராம சபைக்குத் தரலாம்.

கேட்க நன்றாக இருக்கிறது. முடிச்சு எங்கே? சமூகக் காப்பகம் அமைய நிலம் சமூகத்துடையதாகவோ தனியாருடையதாகவோ இருக்க வேண்டும் என்கிறது சட்டம். ஓரண்களில் பெரும்பகுதி பதிவேட்டில் அரசாங்கத்தின் பெயரில் கிடக்கிறது. சுற்றிச் சுற்றி மறுபடியும் பட்வாரியின் ஏட்டுக்கே வந்து நிற்கிறோம்.

ஜெய்சல்மேர் கிராமங்கள் இதைப் புரிந்துகொண்டுவிட்டன. அவர்கள் போராட்டத்தின் முதல் கோரிக்கை பூங்காவும் அல்ல, இழப்பீடும் அல்ல. எங்கள் ஓரணை ஓரண் என்று பதிவேட்டில் எழுதுங்கள் என்பதுதான். அதற்காக எல்லைகளைச் சுற்றி நடந்து அளந்திருக்கிறார்கள். பாதயாத்திரை போயிருக்கிறார்கள். 2024 நவம்பரில் பையா கிராமத்தில், ஓரணில் சூரிய மின் திட்ட வேலை நடப்பதாகச் சொல்லித் தர்ணாவில் உட்கார்ந்தார்கள்.

எத்தனை பட்டங்கள்!

பொது நிலங்களைக் காக்கச் சட்டத்தில் உள்ள முக்கிய வகைகள்:

தேசியப் பூங்கா, சரணாலயம்: 1972 வனவிலங்குச் சட்டம். மிகக் கடுமையானவை. மக்கள் உரிமைகள் பூங்காவில் முற்றாக நீங்கும், சரணாலயத்தில் ஓரளவு தொடரலாம்.

காப்பு ஒதுக்கிடம், சமூகக் காப்பகம்: அதே சட்டத்தில் 2002 திருத்தம். முதலாவது அரசு நிலத்தில், இரண்டாவது சமூக அல்லது தனியார் நிலத்தில்.

சூழல் உணர்திறன் மண்டலம்: 1986 சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம். குடியிருப்பும் விவசாயமும் தொடரும், சுரங்கமும் மாசுபடுத்தும் தொழிலும் கட்டுப்படும். டூன் பள்ளத்தாக்கு (1989), தஹானு (1991), ஆரவல்லியின் சில பகுதிகள் (1992) தொடக்க கால உதாரணங்கள்.

பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம்: 2002 உயிரியல் பன்மைச் சட்டம். உள்ளாட்சிகளைக் கலந்து மாநில அரசு அறிவிக்கிறது. நாட்டில் முதலாவது கர்நாடகத்தின் நல்லூர்ப் புளியந்தோப்பு (2007). தமிழகத்தில் முதலாவது மதுரை மாவட்டத்தின் அரிட்டாபட்டி (2022), சுமார் 193 ஹெக்டேர்.

பட்டம் மட்டும் போதாது என்பதற்கும் அரிட்டாபட்டியே சாட்சி. பாரம்பரியத் தலமாக அறிவித்து இரண்டே ஆண்டுகளில், 2024 நவம்பரில், அதை உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்கப் பகுதி ஏலத்தில் ஒரு நிறுவனத்துக்குப் போனதாக மத்திய அரசு அறிவித்தது. மேலூர் வட்டாரமே திரண்டு எழுந்தது. சட்டசபை எதிர்த்துத் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 23 அன்று ஏலம் ரத்து. ஒரு அலுவலகம் காக்க வேண்டியது என்று எழுதிய நிலத்தை இன்னொரு அலுவலகம் தோண்ட வேண்டியது என்று எழுதியிருந்தது.

செய்ய வேண்டியது என்ன?

முதல் வேலை கணக்கெடுப்பு. அதைச் செயற்கைக்கோளிடம் மட்டும் விட்டால் தெரிவது மணலும் புதரும்தான். எது எல்லைக் கல், எது மழைநீர் ஓடிவரும் ஆகோர், எந்தப் பக்கம் ஒட்டகம் குட்டி போடும், கானமயில் எங்கே வந்து மேயும் என்று சொல்லத் தெரிந்தவர்கள் ஊரில் இருக்கிறார்கள். அவர்களை அழைத்துக்கொண்டு நடந்தால் ஒரு ஓரணின் எல்லை முடிவாக நாள்கணக்குதான் ஆகும், வருஷக்கணக்கு அல்ல.

இரண்டாவது, அளந்து முடியும் வரை ஒதுக்கீட்டை நிறுத்தி வைப்பது. வரைபடம் தயாராவதற்குள் நிலம் போய்விட்டால், தீர்ப்பு வெறும் இரங்கல் கடிதமாகிவிடும். சூரியத் தகடுகளுக்கு வேறு இடமே இல்லை என்பதும் உண்மையல்ல. கைவிடப்பட்ட சுரங்கங்கள், கால்வாய்களின் மேற்பரப்பு, தொழிற்சாலைக் கூரைகள், உப்புப் பூத்து உண்மையிலேயே பாழ்பட்ட நிலங்கள் இருக்கின்றன. கொஞ்சம் செலவு கூடும், கொஞ்சம் பேரம் பேச வேண்டியிருக்கும். மேய்ச்சல் நிலம் மலிவாகத் தெரிவதற்கு ஒரே காரணம், அதன் விலையை இப்போது மேய்ப்பவர் மட்டும் கொடுப்பதுதான்.

மூன்றாவது, பட்டம் எதுவானாலும் சாவி ஊரிடம் இருப்பது. மேய்ச்சலும் வழிபாடும் விறகுக் கட்டுப்பாடும் ஊர் வழக்கப்படி தொடரும் என்று அறிவிக்கையிலேயே எழுதிவிட்டால், இப்போது வன இலாகாவைக் கண்டு ஒதுங்கும் கிராமங்களே அதற்குக் காவலாக நிற்கும். சம்பளம் இல்லாத காவலர்கள் பாலைவனம் முழுக்க இருக்கும்போது, அவர்களை எதிரிகளாக்கிக்கொள்வது கெட்டிக்காரத்தனம் அல்ல.

இது ராஜஸ்தானோடு முடியும் விஷயமும் அல்ல. மகாராஷ்டிரத்தின் தேவராய், கர்நாடகக் குடகின் தேவரகாடு, கேரளத்தின் சர்ப்பக்காவு, மேகாலயத்தின் காசி மலைக் கோயில் காடுகள், தமிழ்நாட்டில் அய்யனார் குடியிருக்கும் கோயில் காடுகள் என எல்லாமே ஏதாவது ஒரு பதிவேட்டில் ஏதாவது ஒரு பெயரில் கிடக்கின்றன. உச்ச நீதிமன்றம் கேட்ட தேசியக் கொள்கை வந்தால் அதன் முதல் பரீட்சை தாரில்தான் நடக்கும். மரமே அதிகம் இல்லாத இடத்தில் கோயில் காட்டைக் காப்பாற்றத் தெரிந்தால், மற்ற இடங்களில் காப்பாற்றுவது சிரமமாக இருக்காது.

அதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. பழைய ஏட்டில் ஒரு சொல்லை அடித்துவிட்டு இன்னொரு சொல்லை எழுத வேண்டும். தேக்ராய் மாதா தன் வேலையைப் பல நூறு ஆண்டுகள் ஒழுங்காகச் செய்துவிட்டாள். இனி பட்வாரியின் முறை.